நிகழ்ந்த ஒன்றும் நிகழ்ந்திருக்கக்கூடிய பலவும்

ஐரோப்பியக் குளிர்காலம் மிதமாக அமைவதும் கடுமையாக அமைவதும், ஐஸ்லாந்தை ஒட்டிய தாழ்வழுத்தத்துக்கும் அசோர்சுத் தீவுகளை ஒட்டிய உயரழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதும் பொறுத்தவை. வட அட்லாண்டிக் அலைவு என்ற பெயரை 1920களில் இவ்வேறுபாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு இட்டவர், இந்திய வானிலைத் துறையின் தலைவராகப் பருவமழையை முன்னறியும் வழி தேடிய கில்பர்ட் வாக்கர். 1864 முதலான லிஸ்பன், ஐஸ்லாந்து அழுத்தப் பதிவுகளைக் கொண்டு கணிக்கப்படும் இவ்வலைவின் குளிர்காலக் குறியீட்டெண் 1960களிலிருந்து 1990கள் வரை நெடிது ஏறியது. ஆனால் வளி, கடல் ஆகியவற்றின் இயக்கத்தைக் கணினியில் சமன்பாடுகளால் நிகழ்த்திக்காட்டும் காலநிலை மாதிரிகளில் அவ்வளவு பெரிய ஏற்றம் அரிதாகவே தோன்றுகிறது. இவ்விடத்தில் காட்சி மெய், மாதிரி பொய் என்று தீர்ப்பளிக்கலாமா என்பதே வினா.

அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தார் ஒரே மாதிரியை 1920ஆம் ஆண்டு தொடங்கி 40 முறை இயக்கினர். தொடக்க வெப்பநிலையில் மட்டும் ஒரு பாகையின் நூறு இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வேறுபாடு வைக்கப்பட்டது. புறக்காரணங்கள் அனைத்தும் ஒன்றாயிருந்தும், குளிர்காலப் போக்குகள் ஒன்றுக்கொன்று பெரிதும் விலகின. நுண்ணிய தொடக்க வேறுபாடு பெருகிப் பெரும் வேறுபாடாகும் இவ்வியல்பை வானிலையியலாளர் லொரென்ஸ் 1963இலேயே காட்டியிருந்தார். ஆகவே பதிவான வரலாறு, நிகழ்ந்திருக்கக்கூடிய பலவற்றுள் நிகழ்ந்துவிட்ட ஒன்றே. அதை மாதிரி ஓட்டங்களின் சராசரியோடு ஒப்பிடுவது, தற்செயல் அலைவுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால் எவ்வுலகிலும் நிகழாத ஒன்றோடு ஒப்பிடுவதாகும். காட்சியை மட்டுமே அளவையாகக் கொள்ளும் உலோகாயதர்க்கோ நிகழாத குளிர்காலங்கள் வெறுங்கற்பனை. கண்டதைக்கொண்டு காணாததை அறியும் கருதலளவையை ஏற்பவர்க்கே அவை பொருளுடையவை.

எனினும் இவ்விளக்கம் மாதிரிக்கு மிக எளிதான புகலிடமாகிவிடக்கூடும். எந்தப் பொருந்தாமையையும் தற்செயலின் மேல் ஏற்றிவிடலாம் அன்றோ? பருவ முன்கணிப்பில் கண்ட ஒரு விந்தை அந்த வசதியைக் குலைக்கிறது. பல ஓட்டங்களின் சராசரி, தன்னை ஈன்ற தனி ஓட்டங்களோடு ஒத்துப்போவதைக் காட்டிலும் உண்மையான குளிர்காலங்களோடு நன்கு ஒத்துப்போகிறது. சமிக்ஞை-இரைச்சல் முரண் எனப்படும் இது, முன்னறியத்தக்க பகுதியை மாதிரி உள்ளதினும் மெலிதாகக் காட்டுகிறது என்ற ஐயத்தை எழுப்புகிறது. அதாவது மாதிரி விரிக்கும் இயலக்கூடிய உலகங்கள் இயற்கைக்கு இயலக்கூடியவையே என்பதற்கு உறுதியில்லை. தனித்தனிக் குளிர்காலங்கள் பல கிடைப்பதால் இக்குறை வெளிப்பட்டது. முப்பதாண்டு ஏற்றங்களுக்கோ 1864க்குப் பின் ஐந்தாறு காலப்பகுதிகளே உள்ளன. காத்திருந்து எண்ணிக்கையைப் பெருக்கலாமெனின், பசுங்குடில் வாயுக்கள் பெருகப் பெருக, இனிவரும் குளிர்காலங்கள் பழையவற்றோடு ஒரே தொகுதியில் வைத்து எண்ணத்தக்கவையாகவே இரா.