ஊர்க் காரியமும் ஓர் அமானிதமே

எல்லாப் புகழும் ஏக நாயனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. அவன் திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

தொழுகை, நோன்பு, ஜகாத் ஆகிய கடமைகளைப் பற்றி நம் ஆலிம்கள் அழகாக எடுத்துச் சொல்லி வருகிறார்கள். அவற்றில் வாய் திறக்க, மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிய இந்தக் கடைக்காரனுக்குத் தகுதி போதாது. ஆயினும், மேருவில் பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அன்றாடம் கண்ணில் படும் ஒரு விஷயத்தைச் சொல்ல விரும்புகிறேன். நம் கடை வாசலில் ஓடும் சாக்கடை, தெரு விளக்கு, குப்பை, வரி, லைசென்ஸ் இவற்றையெல்லாம் தீர்மானிப்பவர் யார்? அதில் நமக்குப் பங்கு உண்டா? அந்தப் பங்கு தீனைச் சேர்ந்ததா, துன்யாவைச் சேர்ந்ததா?

நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய ஓர் உவமை புகாரி ஷரீபில் பதிவாகியிருக்கிறது. சிலர் சீட்டுப் போட்டு ஒரு கப்பலில் இடம் பிடித்தார்கள். சிலருக்கு மேல்தட்டும் சிலருக்கு அடித்தட்டும் கிடைத்தன. அடித்தட்டுக்காரர்கள் தண்ணீருக்காக மேலே உள்ளவர்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு தராமல், தம் பகுதியில் ஒரு துளை போட்டுக் கொண்டால் என்ன என்று அவர்கள் நினைத்தார்கள். மற்றவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவர். இதுவே அந்த உவமை.

சகோதரர்களே, இந்தக் கப்பலை நாம் 2021 டிசம்பர் 18 அன்று கண்ணால் பார்த்தோம் அல்லவா? ஷா ஆலமிலும் கிள்ளானிலும் வெள்ளம் ஏறியபோது அது மலாய்க்காரர் வீடா, சீனர் வீடா, தமிழர் வீடா என்று கேட்டுக் கொண்டு ஏறவில்லை. அடைபட்ட சாக்கடை ஒருவர் வாசலில் இருந்தாலும் தண்ணீர் எல்லார் வாசலிலும் நிற்கும். ஊர் நிர்வாகம் என்பது ஒரே கப்பல்தான்.

இந்தக் கப்பலைச் செலுத்துவோரை ஜனங்களே தேர்ந்தெடுத்த காலமும் இந்நாட்டில் இருந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரி 16 அன்று கோலாலம்பூரிலும் நகராண்மைக் கழகத் தேர்தல்கள் நடந்தன. நாடு சுதந்திரம் பெறுவதற்கு முன்பே, ஓட்டுப் பெட்டியை ஜனங்களுக்குப் பழக்கியவை இந்தச் சின்னத் தேர்தல்களே. கோலாலம்பூரில் 12 இடங்களில் 9 இடங்களை அம்னோவும் மலாயா சீனர் சங்கமும் சேர்ந்து வென்றன. பிற்காலத்தில் நாட்டை ஆண்ட கூட்டணிக்கு வித்து அங்கேதான் விழுந்தது.

இந்தோனேசியாவுடன் மோதல் நிலவிய 1965 மார்ச்சில் இத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. சில கழகங்களில் முறைகேடுகள் நடந்ததாகப் புகார்களும் இருந்தன. ஊராட்சியைப் பற்றி ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதன் தலைவர் நம் தமிழரான செனட்டர் ஆதி நாகப்பன். 1968-ல் முடிந்த அந்த அறிக்கை, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளே ஊர்க் காரியத்தை நடத்த வேண்டுமென்று சிபாரிசு செய்தது. ஆனால் 1976-ன் உள்ளாட்சிச் சட்டம் தேர்தலுக்குப் பதிலாக நியமனத்தை நிலைநிறுத்தியது. இன்று மாநில அரசே கவுன்சிலர்களை நியமிக்கிறது.

நான் இங்கே எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஆலோசனை தவறிப்போனால் ஆலோசனையையே மூடிவிடலாமா என்ற கேள்விக்கு நம் மார்க்கத்தில் விடை இருக்கிறது. உஹதுப் போருக்கு முன் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் மஷூரா கேட்டார்கள். மதீனாவுக்குள் இருந்தே எதிர்ப்பது நல்லது என்பது அவர்களின் எண்ணம். வெளியே சென்று போரிட வேண்டும் என்றனர் பலர். அவர்கள் சொல்லை ஏற்று நாயகம் வெளியே சென்றார்கள். எழுபது பேர் ஷஹீதானார்கள். நாயகத்தின் திருமுகமும் காயப்பட்டது. அதன்பின் இறங்கிய ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம் என்ன கட்டளையிட்டது? இனி இவர்களிடம் கேட்காதீர் என்றா? இல்லை! அவர்களை மன்னித்து, அவர்களுக்காகப் பிழை பொறுக்கத் தேடி, காரியங்களில் அவர்களோடு கலந்து ஆலோசிக்கும்படியே கட்டளையிட்டது. தோல்வி கண்ட மறுகணமே ஆலோசனையை அல்லாஹ் உறுதிப்படுத்தினான். இதைவிடப் பெரிய ஆதாரம் வேறென்ன வேண்டும்?

ஓட்டு இல்லையே, நாம் என்ன செய்ய முடியும் என்று சிலர் கேட்கலாம். ஓட்டு இல்லை என்பது உண்மை. ஆனால் எல்லாக் கதவும் பூட்டப்படவில்லை. அந்த 1976-ஆம் வருடச் சட்டத்திலேயே சில கதவுகள் திறந்திருக்கின்றன.

ஒன்று: மன்றத்தின் முழுக் கூட்டம், மூடிய கூட்டமாக நடத்த மன்றமே தீர்மானித்தாலன்றி, பொதுஜனங்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்தது. போய் உட்கார்ந்து கேட்கலாம்.

இரண்டு: நம் கடைக்கும் வீட்டுக்கும் வரி விதிக்கப் புதிய மதிப்பீட்டுப் பட்டியல் தயாராகும்போது அறிவிப்பு வரும். மதிப்பு அதிகம் என்று கருதுபவர் குறித்த தவணைக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

மூன்று: கவுன்சிலராக நியமிக்கத் தகுந்தவர்களில், தொழிலிலும் வணிகத்திலும் சிறந்து விளங்குவோரையும், தம் சமூகத்தின் நலனை எடுத்துரைக்க வல்லவரையும் சட்டம் குறிப்பிடுகிறது. வியாபாரிக்கு அங்கே நாற்காலி உண்டு என்பதுதானே இதன் பொருள்?

நான்கு: அதே வருடத்து நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டப்படி, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை, எங்கே திடல் என்று காட்டும் உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரங்கள் தவணை கொடுத்தாக வேண்டும்.

மேரு அடங்கிய கிள்ளான் நகராண்மைக் கழகம் 2024 பிப்ரவரி 5 முதல் அரச மாநகர் மன்றமாக உயர்ந்திருக்கிறது. மன்றம் உயர்ந்தது, நாம் உயர்ந்தோமா? அறிவிப்பு ஒட்டியிருக்கும்போது யாரும் படிப்பதில்லை. நான்கு வாரமும் கழிந்து, ரோடு ஒருவழிப் பாதையாகி வியாபாரம் படுத்த பிறகு, தேநீர்க் கடையில் உட்கார்ந்து சர்க்காரைத் திட்டுகிறோம். இன்னும் சிலர், நமக்குத் தெரிந்த ஆள் உள்ளே இருக்கிறார், கொஞ்சம் கவனித்தால் முடியும் என்கிறார்கள். அஸ்தஃபிருல்லாஹ்! லஞ்சம் கொடுப்பவனையும் வாங்குபவனையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்களே! தன் கடைக்கு மட்டும் பின்வாசலில் சலுகை தேடுபவன், கப்பலின் அடியில் தன் பங்குக்குத் துளை போடுபவன் அல்லவா?

முன்வாசலில் பலர் சேர்ந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்குக் கோலாலம்பூரிலேயே அத்தாட்சி உண்டு. தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா நிலத்தில் உயர்ந்த அடுக்குமாடிகள் எழுப்ப 2017-ல் மாநகர் மன்றம் அனுமதி கொடுத்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வாசிகள் ஒன்றுகூடி வழக்காடினார்கள். 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2023 ஏப்ரல் 18 அன்று கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்து அந்த அனுமதியைச் செல்லாததாக்கின.

ஆனால் சகோதரர்களே, இந்தக் கதையை இங்கேயே நிறுத்தினால் அது பாதி உண்மைதான். அந்தத் திட்டத்துக்குள்ளேயே, பக்கத்தில் நீண்ட வீடுகளில் வாழும் ஏழைகளுக்கான வீடுகளும் சேர்ந்திருந்தன. அவர்கள் யார்? புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் மரம் சீவிய நம் தமிழ்க் குடும்பங்கள். தோட்டம் போனபின் தாற்காலிகமென்று குடிவைக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள். பூங்காவும் வேண்டும், ஏழைக்கு வீடும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கும்படி காரியத்தை முடிச்சுப் போட்டதே தவறு.

இப்போது கப்பலுக்குத் திரும்புவோம். அடித்தட்டுக்காரர் துளை போட நினைத்தது கெட்ட எண்ணத்தால் அல்ல, தாகத்தால். அவர் கையைத் தடுப்பது நம் கடமை. அதோடு, அவருக்குத் தண்ணீர் போய்ச் சேர வழி செய்வதும் நம் கடமையே என்று இந்த எளியவனுக்குப் படுகிறது. நம் ஊர்க் காரியத்திலும் இதுதான் நியாயம். அஞ்சடியில் வியாபாரம் செய்பவரை அப்புறப்படுத்து என்று மனு எழுதுகிறோம். அவர் எங்கே போய் விற்பது என்று ஒரு வரி சேர்க்கிறோமா? நம் கடையில் வேலை செய்யும் வெளியூர்ப் பையன் தங்கும் இடத்தின் சாக்கடையைப் பற்றி யார் வாய் திறப்பது? பேச வாய் உள்ளவர் தமக்காக மட்டும் பேசினால் அது மஷூரா ஆகாது. அதுவும் ஒருவகைச் சுயநலமே.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் உத்திரமேரூர்க் கோயில் சுவரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர் வாரியத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த விதிகள் அதில் உள்ளன. நிலமுடைய ஒரு வகுப்பார் மட்டுமே நின்ற சபை அது. அதை நாம் அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு விதி நம் நெஞ்சில் தைக்க வேண்டும்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்கக் கூடாது, அவன் உறவினரும் கூடாது. பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். மன்றத்திடம் கணக்குக் கேட்கும் முன், நம் ஜமாஅத்தின் கணக்கு பள்ளிவாசல் பலகையில் தொங்குகிறதா என்று பார்த்துக் கொள்வோம். சிறிய அமானிதத்தில் நேர்மையாக நின்றவன் பெரிய அமானிதத்தைத் தைரியமாகக் கேட்கலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு கடைவரிசையிலும் இருவர் மன்றத்தின் அறிவிப்புகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். மலாய் நன்றாக எழுதத் தெரிந்த நம் பிள்ளைகள் மனுவை எழுதட்டும். பக்கத்துச் சீனர் கடையிலும் மலாய்க்காரர் கடையிலும் கையெழுத்துக் கேட்போம். தண்ணீர் எல்லோருக்கும் பொதுவல்லவா? மனுவில் நம் குறையோடு, கையெழுத்துப் போட வராத ஏழையின் குறை ஒன்றும் தவறாமல் இருக்கட்டும்.

வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்றுத்தந்த நபியின் உம்மத்து நாம். தெருவைச் செப்பனிடும் காரியம் நமக்கு அந்நியமானதாகுமா? ஒவ்வொருவரும் மேய்ப்பவரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவோம். அந்த விசாரணையில், ஊர் மூழ்கும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டால், நான் பெட்டியடியில் காசு எண்ணிக் கொண்டிருந்தேன் என்று சொல்லும் நிலை நம்மில் எவருக்கும் வராமல் வல்ல ரஹ்மான் காப்பாற்றுவானாக! நம் ஊரை அமைதியும் பரக்கத்தும் உள்ள ஊராக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.