சாட்சியும் காரணமும்

பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு எஞ்சின் கொடுப்பதுதான் நியாயம் என்று முதலில் தோன்றும். 1988இல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டி அப்படி விதிக்கவில்லை. நான்கு சிலிண்டர் பைக்குக்கு 750 சிசி, இரண்டு சிலிண்டர் பைக்குக்கு 1000 சிசி என்று வரம்பு வைத்தது. எஞ்சினின் சக்தி கொள்ளளவை மட்டுமல்ல, நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரே கொள்ளளவை நான்காகப் பங்கிட்டால் பிஸ்டன்கள் சிறுத்து, எஞ்சின் வேகமாகச் சுழலும். இரண்டாகப் பங்கிட்டால் பிஸ்டன் கனத்து, சுழற்சி குறையும். நீதி விகிதத்தில் இருக்கிறது என்றார் அரிஸ்டாட்டில். இயல்பிலேயே வேறுபட்டவற்றை ஒரே அளவுகோலால் அளப்பதும் அநீதிதான்.

விகிதம் பிசகினால் என்ன செய்வது? 1990 முதல் 1999 வரையிலான பத்துப் பட்டங்களில் எட்டை டுகாட்டியின் இரட்டைச் சிலிண்டர் பைக்குகளே வென்றன. நான்கு சிலிண்டரில் பேர்பெற்ற ஹோண்டாவும் இரண்டு சிலிண்டர் பைக் ஒன்றைக் கட்டியது. 2000இல் காலின் எட்வர்ட்ஸ் அதில் பட்டம் வென்றார். சலுகை எல்லோருக்கும் திறந்திருந்ததால் அநீதி இல்லை என்று வாதிடலாம். ஆனால் எல்லோரும் ஒரே வழியில்தான் போயாக வேண்டும் என்றாகிவிட்டால், அளவு தவறிவிட்டது என்றே பொருள். 2003இல் எல்லா வகைக்கும் 1000 சிசி என்று மாற்றினார்கள். 2008இல் இரட்டைச் சிலிண்டருக்கு 1200 சிசி அனுமதித்து, கூடுதல் எடையும் காற்றுக் கட்டுப்பாடும் விதித்தார்கள். அளவுகள் மாறினாலும், இவை எஞ்சினின் வகையைப் பார்த்து வகுத்த விதிகள்.

2019இல் நடந்தது வேறு. டுகாட்டி நான்கு சிலிண்டருக்கு மாறியிருந்தது. அதை ஓட்டிய ஆல்வரோ பாட்டிஸ்டா சீசனின் முதல் 9 பந்தயங்களையும் வென்றதும், அந்த பைக்கின் உச்சச் சுழற்சி வரம்பில் நிமிடத்துக்கு 250 சுழற்சி குறைக்கப்பட்டது. ஈடுகட்டுவதற்குச் சிலிண்டர் எண்ணிக்கையில் வேறுபாடு ஏதும் இல்லை. வென்றதே குறைப்புக்குக் காரணம். விதி வகுப்பவர் அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று அறியாத நிலையில் நின்று யோசிக்க வேண்டும் என்பது தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் முன்வைத்த சிந்தனை. சீசனின் நடுவே, முன்னணியில் இருப்பவரைப் பார்த்துச் செய்யும் திருத்தம் இந்தச் சோதனையில் தேறாது.

முடிவுகளைப் பார்த்து வரம்பு மாறும் என்று முன்பே அறிவித்திருந்தார்களே என்று கேட்கலாம். தண்டனையை முன்கூட்டிச் சொல்லிவிடுவதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. இதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு: களத்தின் முடிவைப் பார்க்காமல் விகிதம் சரியா என்று எப்படி அறிவது? உண்மைதான். முடிவு சாட்சியாகலாம், காரணமாகக் கூடாது. ஒரு வகை எஞ்சின் ஆண்டுக்கணக்கில் பின்தங்கினால், அடுத்த சீசனுக்கு முன் அந்த வகை முழுவதற்கும் விதியைத் திருத்தலாம். ஒரே நிறுவனம் வென்றுகொண்டிருந்தால் போட்டி சுவையிழக்கும் என்ற கவலையும் நியாயமானதே. அதற்கு பைக்கின் விலைக்கும் பாகங்களுக்கும் எல்லோருக்குமான வரம்பை முன்பே வைக்கலாம். பிறப்பால் வந்த வேறுபாட்டை ஈடுகட்டுவது விதியின் கடமை. உழைப்பால் வந்த வேறுபாட்டை அழிக்க அதற்கு உரிமையில்லை.