ஆண்டை எழுதிய பெயர்

ஜெகதளாவில் இருக்கிற எங்கள் பாட்டி, 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். அவருடைய தாத்தாவுக்கு முன்னால் யார் பெயரும் தெரியாது. "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பார், அவ்வளவுதான்.

அங்கே ஆட்களையும் ஓலையில் எழுதி விற்றார்கள். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்துக்குப் பிறகுதான் நீதிமன்றங்கள் அந்த உரிமையை ஏற்க மறுத்தன. அடிமை வைத்திருப்பது குற்றமானது 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில்.

எங்கள் முன்னோர் பெயர் எங்காவது மிஞ்சியிருந்தால், வயலுக்கும் மாட்டுக்கும் நடுவே, ஏதோ ஓர் ஆண்டையின் ஓலையிலோ உயிலிலோதான் இருக்கும். அந்தத் தாளுக்கு நான் நன்றி சொல்லணுமா?

பாட்டியிடம் கேட்டேன். "பேரு கெடச்சா எடுத்துக்க கண்ணு. எழுதுனவன் நம்மள நெனச்சு எழுதல."

தேடுகிறேன். அந்தப் பெயரை ஒருத்தி ஆசையாகக் கூப்பிட்டிருப்பாள். ஆண்டை கணக்கில் மட்டும்தான் எழுதினான்.