ஒரே குவளை

மனிதர் யாவரும் சமம் என்று மேடையில் முழங்குவது எளிது. அதைக் கேட்டுத் தலையசைப்பது அதனினும் எளிது. அச்சொல் மெய்யா பொய்யா என்று உரைத்துப் பார்க்கும் கல்லோ மிகச் சாதாரணமான இடங்களில்தான் கிடக்கிறது. அத்தகைய இடங்களுள் ஒன்று தேநீர்க் கடை. யார் எங்கே அமரலாம், யாருக்கு எந்தக் குவளை, யார் அருந்தியதை யார் கழுவுவது என்னும் மூன்று கேள்விகளுக்கு ஒரு சமுதாயம் எத்தகைய விடை அளிக்கிறதோ, அதுவே அச்சமுதாயத்தின் உண்மையான அறம். ஏட்டில் எழுதி வைத்திருப்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

சென்னை மாநகரின் தென்பகுதியில் உள்ள தரமணியை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் மத்தியப் பாலிடெக்னிக், திரைப்படப் பயிற்சி நிறுவனம், 1970இல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எனக் கல்விக்கூடங்கள் நிற்கின்றன. மறுபுறம் 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவும், அதைத் தொடர்ந்து எழுந்த கணினி நிறுவனங்களும் வானளாவி நிற்கின்றன. மாலை நான்கு மணியானால் இவ்விரு உலகங்களும் சாலையோரத் தேநீர்க் கடையின் பாய்லர் முன்னே வந்து கூடுகின்றன. மாணவனும் ஆசிரியரும், கணினிப் பொறியாளரும் காவலாளியும், வடநாட்டிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியும் ஒரே கையால் ஆற்றப்பட்ட தேநீரை ஒரே விலைக்கு வாங்கி அருந்துகின்றனர். இக்காட்சி நெஞ்சுக்கு இதமானது.

இதனைக் காண்போர் சிலர், "காசுக்குச் சாதி இல்லை, வாணிபம் வளர்ந்தால் பேதம் தானே ஒழியும்" என்று கூறுவதுண்டு. இக்கூற்று முழு உண்மையாயின் நமக்கு அறநூலும் வேண்டா, சட்டமும் வேண்டா. கடைகள் பெருகினால் போதும். ஆனால் நாம் கண்ட வரலாறு அவ்வாறு கூறவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியில் புகைவண்டி நிலையங்களில் "இந்து டீ, முஸ்லிம் டீ" என்று தனித்தனியே கூவி விற்றனர். இரு தேநீருக்கும் காசு ஒன்றுதான், கூஜாக்கள்தாம் வேறு. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த "பிராமணாள்" என்னும் சொல்லை நீக்கக் கோரி, பெரியாரின் இயக்கத்தினர் மாதக்கணக்கில் மறியல் செய்தனர். பல நூற்றுவர் கைதாயினர். தமிழகத்துச் சிற்றூர்களிலோ இரட்டைக் குவளை முறை வேரூன்றி நின்றது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஓரமாய்த் தனிக் குவளை. சில இடங்களில் சிரட்டை. குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சில் அமரலாகாது, தரையில் குந்த வேண்டும், அல்லது நின்றே குடிக்க வேண்டும். அவர் நீட்டிய காசை மட்டும் கடைக்காரர் ஒருபோதும் மறுத்ததில்லை!

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில் வுல்வொர்த் என்னும் பெரிய கடை இருந்தது. அங்கே கறுப்பின மக்கள் பற்பசையும் எழுதுதாளும் வாங்கலாம். ஆனால் அதே கடையின் சிற்றுண்டி மேடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை காப்பி அருந்த முடியாது. 1960 பிப்ரவரி முதல் நாளன்று நான்கு கறுப்பின மாணவர்கள் அங்கே சென்று அமர்ந்தனர். காப்பி வரவில்லை, அவர்களும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் சிலர் வந்தனர். பின்னர் நூற்றுக்கணக்கில் வந்தனர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அந்த மேடை அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? காசு தேநீரை வாங்கித் தரும். இருக்கையை வாங்கித் தராது. பொருளை விற்பது வேறு. மனிதனை ஏற்பது வேறு. முன்னதற்கு ஆசை போதும். பின்னதற்கு அறம் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். "கடை அவருடையது, எந்தக் குவளையில் யாருக்குக் கொடுப்பது என்பது அவர் விருப்பமன்றோ?" என்பதே அத்தடை. வீட்டுக்கு யாரை அழைப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம்தான். ஆனால் சாலையோரத்தில் அடுப்பு மூட்டிப் பலகை மாட்டியவர், போவோர் வருவோர் அனைவருக்கும் ஓர் அழைப்பை விடுத்துவிட்டார். அழைத்த பின்னர் ஒருவரைப் பார்த்து, "நீ இன்ன குலத்தில் பிறந்தவன், உனக்கு வேறு குவளை" என்று கூறுவது உரிமை ஆகாது, வாக்குத் தவறுதலே ஆகும். நம் அரசியல் சட்டமும் இந்நெறியிலேயே நின்றது. அதன் 15ஆம் பிரிவு, கடைகளிலும் உணவகங்களிலும் நுழைவதற்கு மதமோ சாதியோ தடையாகலாகாது என்றது. 17ஆம் பிரிவு தீண்டாமையை அடியோடு ஒழித்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976இல் திருத்தம் பெற்றுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமாயிற்று. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது.

சட்டம் வந்தவுடன் மனிதரின் தந்திரமும் வளர்ந்தது. சில ஊர்களில் இரண்டாவது கண்ணாடிக் குவளை மறைந்து, அதன் இடத்தில் குடித்ததும் எறியும் பிளாஸ்டிக் கோப்பையும் காகிதக் கோப்பையும் வந்தன. சிலருக்குக் கண்ணாடி, சிலருக்குக் காகிதம்! கேட்டால் சுகாதாரம் என்பர். சுகாதாரம் என்பது எல்லோருக்கும் ஒன்றாக இருக்குமானால் அதை ஏற்போம். குலம் பார்த்து வரும் சுகாதாரத்துக்குப் பெயர் வேறு. 2019 ஜனவரி முதல் தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் கோப்பைகளையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைகளையும் தடை செய்தது. அது நிலத்தைக் காக்கும் நோக்கில் செய்யப்பட்டது. எனினும் அதனுள் நமக்கு வேறொரு பாடமும் உண்டு. கழுவிய குவளை என்பது ஒரு நம்பிக்கை. முன்பின் அறியாத ஒருவர் இதழ் பட்ட இடத்தில் என் இதழும் படலாம், அதனால் நான் குறைந்துவிட மாட்டேன் என்று நாம் சொல்லாமல் சொல்லும் உறுதிமொழி அது. எறிந்துவிடும் கோப்பையில் பேதம் இல்லாமல் இருக்கலாம், உறவும் இல்லை.

டில்லியில் சிறை வைக்கப்பட்டிருந்த இந்திய தேசிய ராணுவத்தினரைக் காந்தியடிகள் காணச் சென்றபோது, தங்களுக்கு இந்து டீ, முஸ்லிம் டீ என்று வெவ்வேறாகத் தருகின்றனர் என்று அவர்கள் முறையிட்டனர். "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் வினவினார். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து அனைவரும் அருந்துகிறோம் என்றனர் அவ்வீரர்கள். நூறு சொற்பொழிவுகள் செய்ய இயலாததை அந்தக் கலந்த தேநீர் செய்தது.

இனி நம்மை நோக்கித் திரும்புவோம். தேநீர்க் கடையின் வரலாற்றில் தமிழ் முஸ்லிம்களுக்குப் பெருமைக்குரிய ஓர் அத்தியாயம் உண்டு. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரச் சீமையிலிருந்தும் கப்பலேறிய நம்மவர், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தேத்தண்ணீர்க் கடை வைத்தனர். "மாமா" என்னும் நம் உறவுச்சொல்லே அங்கு "மாமாக்" என்று கடைக்குப் பெயராயிற்று. கெட்டிப்பால் சேர்த்து உயர இழுத்து ஆற்றிய "தே தாரிக்" அந்நாட்டின் அடையாளமாயிற்று. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே மேசையில் அமர்ந்து அருந்தும் இடம் என்று அக்கடைகள் இன்றும் போற்றப்படுகின்றன. அயல்நாட்டில் அனைவருக்கும் ஒரே குவளையில் ஊற்றிய கை நம்முடையது.

அந்தக் கை வீட்டுக்குள் வந்தால் என்ன செய்கிறது? நம் நிக்காஹ் விருந்துகளில் சஹன் வைத்து, ஒரே தட்டில் பலர் கைவைத்து உண்கிறோம். செல்வர் கையும் வறியவர் கையும் அதில் ஒன்றாய்ப் படுகின்றன. ஆனால் மறுநாள் காலையில் அதே சஹனைத் தேய்த்துக் கழுவ வரும் பெண்மணிக்கு நாம் தேநீர் தருவது எந்தக் குவளையில்? அடுக்களை ஜன்னலோரத்தில், காது உடைந்த கோப்பை ஒன்று தனியே கவிழ்ந்து கிடக்கிறதா இல்லையா? ஏவலாளருக்குத் தாம் உண்பதிலிருந்தே உண்ணக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) பணித்ததை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக ஓதுகிறோம். அந்தப் பாடத்தை ஓதும் பிள்ளை, கவிழ்ந்து கிடக்கும் அந்தக் கோப்பையையும் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறது.

இன்னுமொன்றையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். 1981 பிப்ரவரியில் அன்றைய நெல்லை மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடெங்கும் அதுபற்றிப் பேச்சு எழுந்தது. மானத்தோடு வாழவே வந்தோம் என்பது அவர்களுள் பலர் கூறிய காரணம். அவ்வாறு வந்தவர்க்குத் தொழுகை அணியில் தோளோடு தோள் நிற்க இடம் கொடுத்தோம். சஹனில் இடம் கொடுத்தோம். திருமண உறவிலும் அதே மனத்தோடு இடம் கொடுத்தோமா? இக்கேள்விக்கு ஒவ்வொரு ஜமாஅத்தும், ஒவ்வொரு குடும்பமும் தனியே விடை சொல்லிக்கொள்ள வேண்டும். பிறர் கடையின் இரட்டைக் குவளையைக் கண்டிக்கும் தகுதி அந்த விடையிலிருந்துதான் பிறக்கும்.

தரமணியின் உயர்ந்த கட்டடங்களுக்குள் இன்று குளிரூட்டிய காப்பி அறைகள் உள்ளன. சாலையோரக் கடையைவிட அங்கே விலை பல மடங்கு. கதவைத் திறந்துவிடும் காவலாளி அங்கே அமர்ந்து அருந்துவதில்லை. குலத்தின் சுவர் இருந்த இடத்தில் விலையின் சுவர் எழுகிறது. இரண்டும் ஒன்றல்ல. பிறப்பால் வந்த இழிவை உழைத்துத் தாண்ட முடியாது. விலையையோ ஒருநாள் தாண்டலாம். ஆயினும், கதவுக்கு வெளியே நிற்பவரைப் பாராமலே பழகிவிட்டால் இரு சுவர்களும் நம் நெஞ்சைக் கல்லாக்கும் வகையில் ஒன்றே.

சமத்துவம் என்பது உலகம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றும் பெருஞ்செயல் அன்று. ஒருவருக்கு நாற்காலியை நகர்த்தி, நம் குவளை போன்ற இன்னொரு குவளையில் ஊற்றி, அவர் அருந்தி முடிக்கும் வரை உடன் அமர்ந்திருப்பது அது. இதற்குச் செல்வம் வேண்டா, புலமையும் வேண்டா. காது உடைந்த அந்தக் கோப்பையை எடுத்து எறிந்துவிட மனம் இருந்தால் போதும்.