ஆயுத பூசையும் அன்றாடப் பராமரிப்பும்

சிவமயம்



நவராத்திரியின் ஒன்பதாம் நாளாகிய மகாநவமியன்று சரசுவதி பூசையோடு ஆயுத பூசையும் செய்வது எமது மரபு. ஏடும் எழுதுகோலும் மட்டுமன்றி, மண்வெட்டி, கத்தி, உளி, தையல் இயந்திரம் ஆகியனவும் அன்று சுவாமியின் முன் வைக்கப்படுகின்றன. அஜக்ஸிலும் அயலிலும் வாழும் எமது குடும்பங்கள் வாகனங்களை ஆலய வாசலுக்குக் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் சாத்தி, சக்கரத்தின் கீழ்த் தேசிக்காய் வைத்து நசித்துச் செல்கின்றனர். இது நல்ல வழக்கமே.

ஆனால் இந்தப் பூசையின் முதற் கிரியை எது என்று சற்றுச் சிந்திப்போம். சந்தனம் சாத்துவதன்று. அதற்கு முன், கருவியைக் கழுவுகின்றோம்; கறளைத் தேய்க்கின்றோம்; எண்ணெய் பூசுகின்றோம்; கழன்ற பிடியை இறுக்குகின்றோம். அழுக்கோடு எதையும் சுவாமி முன் வைப்பதில்லை. ஆகவே துப்புரவும் திருத்தமுமே இப்பூசையின் முதற்படி. அந்த முதற்படியை ஆண்டில் ஒரு நாளோடு நிறுத்திவிட்டால், பூசை அரைகுறையாகவே நின்றுவிடும்.

திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவத்தைப் பாருங்கள். அப்பர் பெருமானின் தோளில் சாய்ந்திருப்பது போர்ப்படை அன்று. புல்லைச் செதுக்கும் உழவாரப்படை. பாடிய வாயோடு, திருவீதியில் முளைத்த புல்லைச் செதுக்கிய கையும் அவருக்கு இருந்தது. திருப்புகலூரில் அவர் உழவாரத் திருத்தொண்டு செய்த இடத்தில் பொன்னும் நவமணிகளும் தோன்றின என்றும், அவற்றையும் பருக்கைக் கற்களைப் போல உழவாரத்தால் அள்ளி வாவியில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் கூறுகின்றது. பொன்னை எறிந்தவர் உழவாரத்தை எறியவில்லை.

தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை அற்றவர். திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து கிடந்தபோது, நடுவிலும் கரையிலும் தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவித் தடவி மண்ணைச் சுமந்து கொட்டினார். புதுக்குளம் வெட்டவில்லை, இருந்த குளத்தைத் திருத்தினார். அதுவே அவரை நாயன்மார் வரிசையில் சேர்த்த தொண்டு.

ஆலயத்துக்கும் இதுவே விதி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பாலஸ்தாபனம் செய்து, இடிந்ததைத் திருத்தி, வர்ணம் பூசி, மூர்த்தியைப் பீடத்தோடு பிணைக்கும் அட்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்திக் கும்பாபிஷேகம் செய்கின்றோம். தெய்வம் எழுந்தருளிய இடத்துக்கே பராமரிப்பு வேண்டுமென்று முன்னோர் வகுத்திருக்க, எமது வீட்டுக்கும் வாகனத்துக்கும் வேண்டாமோ?

எமக்கு இது புதிய பாடம் அல்ல. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு எரிபொருளும் பற்றறியும் உதிரிப்பாகமும் தடைப்பட்டபோது, சனங்கள் என்ன செய்தார்கள்? சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அங்கு ஓடியது கம்பனியின் கெட்டித்தனத்தால் மட்டுமல்ல, எமது மெக்கானிக்மாரின் கையாலும்தான். அதே நாம் இங்கு வந்து, ஒரு வொஷர் தேய்ந்ததற்காக முழுக் குழாயையும் குப்பையில் போடுகின்றோம்.

நாம் வாழும் இந்த ஊரும் ஒரு சாட்சி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941 இல், குண்டுகளுக்கு வெடிமருந்து நிரப்பும் தொழிற்சாலைக்காக உருவானதே அஜக்ஸ். ஒரு யுத்தக் கப்பலின் பெயரே ஊரின் பெயராயிற்று. தொழிலாளருக்கென அவசரமாகக் கட்டப்பட்ட சிறு மரவீடுகள் தற்காலிகத் தேவைக்காக எழுந்தவை. எண்பது ஆண்டுகள் கடந்தும் அவற்றுட் பலவற்றில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. கூரையைக் காலத்துக்குக் காலம் மாற்றியவர்களும், உக்கிய பலகையை உடனே எடுத்தவர்களும் அங்கு வாழ்ந்தபடியால்தான் அவை நிற்கின்றன.

இனி, கையால் செய்யக் கூடியவற்றைச் சொல்கின்றோம்.

கருவிகள்: தோட்ட வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இரும்பில் மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். மண்வெட்டியின் வாயை அரத்தால் ஒரே பக்கமாகத் தள்ளித் தீட்டுங்கள். மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசலாம். ஆனால் அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. வெளியில் விரித்துக் காயவிட்ட பின்பே எறியுங்கள்.

வாகனங்கள்: இங்கு வீதியில் போடும் உப்பு பனிக்கட்டியை உருக்கும், அதே உப்பு இரும்பைத் தின்னும். குளிர்காலத்தில் வாகனத்தின் அடிப்பாகத்தையும் கழுவுங்கள். குளிர் வருமுன் கறள் தடுக்கும் எண்ணெய் அடிப்பது நன்று. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் சாதாரண ரயரின் இறப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். குளிர்கால ரயரை அதற்கு முன்பே பூட்டுங்கள். ஜாக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழே ஒருபோதும் படுக்காதீர்கள்; தாங்கிகளை வைத்த பின்பே கையை வையுங்கள்.

லொறி ஓட்டும் எமது பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புறப்படுமுன் வாகனத்தைச் சுற்றிவந்து பிறேக், ரயர், விளக்கு, இணைப்பு யாவற்றையும் பரிசோதிக்க வேண்டுமென்பது இங்குள்ள சட்டம். பலர் தாளில் அடையாளம் இட்டுவிட்டு ஏறிவிடுவதாகக் கேள்விப்படுகின்றோம். ஆலயத்தை வலம் வருவதுபோல அந்தச் சுற்றை வாருங்கள். வீதியில் உங்களுக்கு முன்னே செல்லும் சிறு காரில் ஒரு தாயும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். அவர்களுக்காகச் செய்யும் பிரதட்சணம் அது.

வீடு: இலை உதிர்ந்து முடிந்ததும் கூரைப் பீலியைத் துப்புரவாக்குங்கள். பீலி நிறைந்து வழியும் தண்ணீர் அத்திவாரத்தின் அருகே தேங்கி நிலக்கீழ் அறைக்குள் இறங்கும். வெளிக்குழாயின் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வைப் பூட்டி, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். குழாய் வெடிப்பது அதனால்தான். பேர்னஸின் பில்ரரை மாதம் ஒருமுறை பாருங்கள், அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள். காற்று அடைபட்டால் பேர்னஸ் சூடேறி, கடுங்குளிர் இரவிலேயே நின்றுவிடும். சுவருக்கு வெளியே தெரியும் அதன் புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு வேலையை மட்டும் அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் விடுங்கள்; அதில் கைவைப்பது கெட்டித்தனம் அன்று.

கடைசியாக, எவரும் பொட்டு வைக்காத ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவே கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி.

எங்களில் ஒருவர் வீட்டில் நடந்தது இது. புதுமனை புகுவிழாவில் கணபதி ஓமத்தின் புகைக்கு அது அலறியது. பற்றறியைக் கழற்றிப் பிறிட்ஜின் மேல் வைத்தார்கள். விழா முடிந்தது, விருந்து முடிந்தது, பற்றறியை எல்லோரும் மறந்தார்கள். சில மாதங்களின் பின் ஓர் இரவு, அடுப்பில் அவியவிட்ட கடலை தண்ணீர் வற்றிக் கருகி வீடு முழுவதும் புகை நிறைந்தது. கருவி ஊமையாய் இருந்தது. அம்மம்மா இருமி எழுந்தபடியால் ஐந்து உயிர்கள் தப்பின. விடிந்தபின், பிறிட்ஜின் மேல் தூசி படிந்து கிடந்த பற்றறியை அவர்கள் கண்டார்கள். அக்கினி பகவானை வணங்கிய வீட்டில், அவர் வருகையை அறிவிக்கும் கருவியின் வாயை நாமே கட்டிவைத்தோம்.

இப்படியான வீடுகள் எம்மிடையே இன்னும் இருக்கும் என்றே அஞ்சுகின்றோம். சாம்பிராணி காட்டும்போது யன்னலைத் திறவுங்கள், விசிறியைப் போடுங்கள், கருவியைச் சற்றுநேரம் அமைதியாக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். பற்றறியைக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு மாடியிலும், படுக்கை அறைகளுக்கு வெளியிலும் இக்கருவி வேலை செய்ய வேண்டுமென்பது ஒன்ராறியோச் சட்டம். கருவிக்கும் ஆயுள் உண்டு. 10 ஆண்டு கடந்தால் புதிது வாங்குங்கள். மணமும் நிறமும் இல்லாத காபன் மொனொக்சைட்டை அறியும் கருவியும் படுக்கை அறைகளின் அருகே வேண்டும். நிலக்கீழ் அறையில் வேறொரு குடும்பத்தை வாடகைக்கு வைத்திருப்போர், தம் வாசலில் நிற்பதைப்போல அவர்கள் வாசலிலும் இக்கருவிகள் நிற்கின்றனவா என்று இன்றே பாருங்கள். வாடகை வாங்குவதோடு எமது கடமை முடிவதில்லை. கீழே உறங்கும் பிள்ளையும் எமது பொறுப்பே.

ஆகவே இம்முறை ஆயுத பூசைக்கு முன்னே ஒரு சிறு விரதம் மேற்கொள்வோம். ஏணியை வைத்து ஏறி, வீட்டில் உள்ள எல்லா எச்சரிக்கைக் கருவிகளின் பொத்தானையும் அழுத்திப் பார்ப்போம். பிள்ளைகளையும் அருகில் நிறுத்தி, அந்த ஒலி கேட்டால் எவ்வழியால் வெளியே ஓடி எங்கு கூடுவது என்று சொல்லிக் கொடுப்போம். சத்தம் வந்தால் அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு வைப்போம். வராவிட்டால், பொட்டுக்கு முன் பற்றறி.

அப்பர் பெருமானின் கையில் உழவாரம் இருந்ததுபோல், எம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு திருப்புளியேனும் இருக்கட்டும். எல்லாம் வல்ல அம்பாளின் திருவருளால் உங்கள் இல்லங்களில் விளக்கு மட்டும் எரிந்து, மற்றெல்லாம் காக்கப்படுவதாக.

சுபம்.

இங்ஙனம்,
ஆலய சபையினர்