அறியாமையும் பிரம்பும்

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர் யாவரும், பிள்ளையின் ஆன்மா எத்தன்மையது என்பதுபற்றி ஒரு கொள்கை உடையராயிருப்பர். அக்கொள்கையை நூல்வழி ஆராய்ந்து கொண்டிலராயினும், பாடஞ் சொல்லமாட்டாது நிற்கும் பிள்ளையை அவர் நடாத்தும் முறையினாலே அது வெளிப்பட்டுவிடும். ஆதலால், மாணாக்கனை அடித்துக் கற்பித்தல் தகுமோ என்னும் வினா பாடசாலை ஒழுங்குபற்றிய வினா மாத்திரமன்று; சமயம்பற்றிய வினாவுமாம். அதனை இங்கே சிறிது ஆராய்வாம்.

மேனாட்டார் கொள்கைகளை முதற்கண் நோக்குவாம். கி. பி. முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் ஆசிரியராயிருந்த குவின்டிலியன், அடித்தல் அடிமைகளுக்குரிய இழிவென்றும், ஆசிரியர் கருத்தோடு கற்பிப்பின் அது வேண்டப்படாதென்றும் எழுதினார். பிற்காலத்துக் கிறித்தவர் பலர், ஆதிமனிதன் செய்த பாவம் பிறக்கும் பிள்ளை யாவரையும் பற்றிநிற்குமெனக் கொண்டனர். மெதடிஸ்த சபைக்கு முதல்வராகிய ஜோன் வெஸ்லியின் தாயார் சூசன்னா அம்மையார், பிள்ளையின் சித்தத்தை இளமையிலேயே வென்றடக்குதல் வேண்டுமென 1732 ஆம் ஆண்டில் மகனுக்கு எழுதியது இக்கொள்கைவழி வந்ததேயாம். அதற்கு முன்னரே, மனம் எழுதப்படாத தாள் போல்வதென்று கொண்ட ஜோன் லொக், 1693 இல் வெளியிட்ட கல்விநூலிலே, பிடிவாதம் ஒன்றற்கே அடியை ஒதுக்கி, அதுவும் சினத்தோடு செய்யப்படலாகாதென்றார். ரூசோ என்பாரோ, 1762 இல் வெளிவந்த ‘எமில்’ என்னும் நூலிலே, பிள்ளை இயல்பினால் நல்லதென்றும், அதன் செய்கையால் விளையும் பயனே அதற்குத் தண்டமாக அமையுமென்றும் கூறினார். பாவியென்றவர் அடக்க முயன்றனர். வெற்றேடென்றவர் எழுத முயன்றனர். நல்லதென்றவர் விலகிநிற்க விரும்பினர்.

சைவசித்தாந்தம் கூறுவது இம்மூன்றினும் வேறாம். ஆன்மா அறிவுடைப் பொருள். ஆயினும் செம்பிலே களிம்புபோல அநாதியே ஆணவமலத்தால் மறைக்கப்பட்டது. அது அறிவிக்க அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது. அறிவுடைமையால் அது வெற்றேடன்று. மறைப்புடைமையால், வாளா விடின் தானே விளங்குமென்பதும் பொருந்தாது. அம்மறைப்பு ஆன்மா செய்த குற்றமன்மையால், அதனைப் பாவமென்று தண்டித்தற்கும் இடமில்லை. இருளிலே நிற்கும் ஒருவன் எதிரிலுள்ள பொருளைக் கண்டிலனாயின், அவனுக்கு விளக்குக் காட்டுதலே முறை. காணாமைக்காக அவனை அடித்தல் முறையோ?

அற்றேல், தந்தைதாயர் தஞ்சொல்வழி வாராத புதல்வரை அடித்தலும் ஆராயின் பரிவேயாமென்று சிவஞானசித்தியார் கூறிற்றன்றோ? இறைவனது மறக்கருணைக்கு அதனை உவமையாக வைத்தாரன்றோ? எனின், கூறுதும். ஆண்டு அடி கூறப்பட்டது சொல்வழி வாராமைக்கு, அறியாமைக்கன்று. அன்றியும், இறைவன் விருப்பு வெறுப்பின்றி, ஒவ்வோருயிரின் வினையளவையும் முற்றவுணர்ந்து ஊட்டுகின்றான். நாமோ பிள்ளையின் வினையளவும் அறியோம். நமது வெகுளியும் ஒழித்திலோம். அங்ஙனமாகவும், நம் கைப்பிரம்புக்கு மறக்கருணையென்று பேரிடுதல், நமது சினத்தை இறைவன் திருவருளோடு ஒப்பவைத்தலாய் முடியும். குற்றஞ்செய்த மாணாக்கனைத் தனியே அழைத்துக் கண்டித்தலும், அவனாற் கெட்டதை அவனைக்கொண்டே திருத்துவித்தலும் நமக்கு அமையும்.

இவற்றை நாம் குற்றமற்றோராய் நின்று கூறுகின்றோமல்லோம். நாம் மிஷன் பாடசாலையொன்றிலே கற்றோம். ஆண்டு அடியும் பட்டோம், அன்பும் பெற்றோம். ஆசிரியத் தொழிலின் தொடக்க நாள்களிலே, வாய்பாடு ஒப்புவிக்கமாட்டாத சிறுவனொருவனைச் சோம்பேறியென்று துணிந்து பலமுறை அடித்தோம். ஒருநாள் அவன் தாயார் வந்து, “வாத்தியார் ஐயா, வீட்டிலே தம்பிக்கு வாய்பாடு முழுவதையும் இவன்தான் சொல்லிக்கொடுக்கிறான், உங்களைக் கண்டவுடனே எல்லாம் மறந்துபோகிறதாம்” என்றார். அன்றுதான், அவனறிவுக்கு மறைப்பாய் நின்றது நமது பிரம்பே என்பதை உணர்ந்தோம். ஆன்மா சார்ந்ததன் வண்ணமாமென்று பலகாற் படித்த நாம், அவனை அச்சத்தின் வண்ணமாக்கினோம். அவன் பின்பு நன்றாகவே கற்றான். ஆயினும், அவனுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்ததென்று எண்ணத் துணிந்திலோம்.

பிரம்பு மிஷனரிமார் கொணர்ந்த பொருளென்று சொல்லி நாம் தப்பிக்கொள்ளலாகாது. நம்மவருடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே, பிள்ளைகளைக் கயிற்றிலே தொங்கவிட்டு அடிக்கும் கோதண்டமென்னும் தண்டம் வழங்கியதன்றோ? ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபொழுது, மிஷன் பாடசாலைகளிற் கண்ட நல்ல முறைகளைக் கொண்டு, சைவத்தை அதற்கு உயிராக வைத்தார்கள். பிறரிடத்துள்ள நல்லதைக் கொள்ள அஞ்சாத அவர்கள் வழிவந்த நாம், நம்மிடத்துள்ள தீயதைத் தள்ளவும் அஞ்சலாகாது.

இலங்கையிலே கல்வி அமைச்சு 2005 ஆம், 2016 ஆம் ஆண்டுகளில் விடுத்த சுற்றறிக்கைகள் மாணாக்கரை அடித்தலை விலக்கின. 2021 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றமும், ஆசிரியரொருவர் மாணாக்கனை அடித்தமை அவனுடைய அடிப்படை உரிமையை மீறியதாகுமெனத் தீர்ப்பளித்தது. ஆயினும், சட்டத்துக்கு அஞ்சிப் பிரம்பை ஒளித்துவைத்தல் வேறு. ஆன்மாவின் இயல்பையுணர்ந்து அதனைக் கைவிடுதல் வேறு. முன்னவர் பிரம்பை விடுத்தும், வசைமொழியால் அடிப்பர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே பொறுமை காத்தல் அரிதென்பதை நாம் அறிவோம். ஒரு பாடத்தைப் பத்தாம் முறையும் புதிதாகச் சொல்லுதல் உடலையும் உள்ளத்தையும் வருத்தும். எனினும், விளக்கேற்றுதலை மேற்கொண்டவர்க்கு அவ்வருத்தமே தொண்டாம்.

எண்ணிறந்த பிறவிகளிலும் நம்மைவிட்டு நீங்காது, நாம் அறியுங்காறும் பொறுத்திருந்து அறிவிப்பவன் சிவபெருமான். அப்பொறுமையினாலே பிழைத்திருக்கும் நாம், ஒரு சிறுபிள்ளை ஒரு வாய்பாட்டை அறியுங்காறும் பொறுத்திருத்தல் கடனன்றோ? சைவ ஆசிரியர்காள், சிந்திப்பீர்களாக.