நீராடிய பின் பற்றிய தோள்



உத்ஸவ மலருக்கு ஏதேனும் எழுதித் தரவேண்டுமென்று கைங்கர்யபரர்கள் நியமித்தார்கள். சென்ற பங்குனியில் திருவரங்கத்து முதியோர் இல்லம் ஒன்றில் அடியேன் ஐந்து நாட்கள் உபந்யாஸம் செய்ய நேர்ந்தது. அங்கே சொன்னதையும், சொல்லத் தயங்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

நூல்களின்படி இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியுமே. பங்குனி பின்பனியைச் சேர்ந்தது. ஆனால் வேப்பமரம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. பங்குனி பிறந்தவுடன் அந்த இல்லத்து முற்றம் முழுவதும் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. அதைப் பெருக்கித் தள்ளாமல், விரித்திருந்த வேட்டியிலிருந்து நாலைந்து மூதாட்டிகள் பொறுக்கி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். மற்றொரு பக்கம் மாவடு. விளக்கெண்ணெய் தடவி, உப்பும் மஞ்சளும் கடுகுப்பொடியும் மிளகாயும் சேர்த்து ஜாடியில் இட்டுக் குலுக்குவதில் எத்தனை மதபேதங்கள்! கடுகை வறுத்து அரைப்பதா, பச்சையாய் அரைப்பதா என்று இரண்டு மாமிகளுக்குள் எழுந்த வாதம், அடியேன் அங்கிருந்த நாட்கள் முழுவதும் தீர்ந்தபாடில்லை. மாடியில் ஏறி நின்றால், 1987-இல் நிறைவேறிய ராஜகோபுரம் பதின்மூன்று நிலைகளோடும் கண்ணெதிரே தெரியும். காலையில் திருவாராதனம், பிறகு கோஷ்டி, சாற்றுமுறை, தீர்த்தம், ததீயாராதனம். ஏறக்குறைய முப்பது பேர். பெரும்பாலோருடைய பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். சிலருக்குப் பிள்ளைகள் இல்லை. சிலருக்குப் பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். அதைப் பற்றி அங்கே ஒருவரும் பேசுவதில்லை. அடியேனும் பேசப் போவதில்லை.

பங்குனியில் திருவரங்கத்தில் நடப்பது ஆதி பிரம்மோத்ஸவம். ஆயில்யத்தன்று நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளி, அங்கே கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி ஸேவை ஸாதிக்கிறார். உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியாரிடம் திரும்பி வரும்போது பிராட்டி திருக்காப்பைச் சாத்திவிடுகிறாள். ஊடல் முற்றுகிறது. நம்மாழ்வார் நடுவில் நின்று ஸமாதானம் செய்துவைக்கிறார். அதன்பின் திவ்யதம்பதிகளின் சேர்த்தி. அந்தச் சேர்த்தியில்தான் உடையவர் திருமுன்பே நின்று கத்யத்ரயத்தை விண்ணப்பம் செய்தார் என்பது நம் பூர்வர்கள் வழிவழியாக அருளிச்செய்யும் வரலாறு. ஊடல் தீர்ந்த நேரம் பார்த்து, பிராட்டியை முன்னிட்டு, நம் எல்லோருக்குமாக அவர் மன்னிப்பு வேண்டினார். இன்றைக்கும் உத்திரத்து இரவில் பதினெட்டுத் திருமஞ்சனங்கள் நடக்க, கத்யம் ஸேவிக்கப்படுகிறது.

ஆகவே அடியேன் எடுத்துக்கொண்ட விஷயமும் உடையவரைப் பற்றியதே. முதல் நாள் அவருடைய சரம காலத்து உபதேசத்தைச் சொன்னேன். 1017-இல் திருவவதரித்து நூற்றிருபது திருநக்ஷத்திரங்கள் எழுந்தருளியிருந்த அம்மஹான், தம் சிஷ்யர்கள் இனி எப்படிக் காலக்ஷேபம் செய்வது என்பதைப் படிப்படியாக இறக்கி அருளிச்செய்தார். ஸ்ரீபாஷ்யத்தை வாசித்துப் பிறர்க்கும் சொல்லுவது. அதற்கு இயலாவிடில் ஆழ்வார்களின் அருளிச்செயலை ஓதி ஓதுவிப்பது. அதுவும் இயலாவிடில் திவ்யதேசங்களில் அமுதுபடி, சாத்துப்படி, திருவிளக்கு, திருமாலை ஆகியவற்றை நடத்துவது. அதற்கும் வகையில்லாவிடில் திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டிக்கொண்டு வாழ்ந்திருப்பது. அதுவும் கூடாதவன் த்வயத்தின் அர்த்தத்தைச் சிந்தித்திருப்பது. இவை ஒன்றுக்கும் சக்தியில்லாதவன், தன்னை ‘இவன் என்னுடையவன்’ என்று அபிமானிக்கிற ஒரு ஸ்ரீவைஷ்ணவனுடைய அபிமானத்திலே ஒதுங்கிக் கிடப்பது.

“குடில் என்று அவர் அருளிச்செய்தது உங்களுடைய இந்த இல்லத்தைத்தான்” என்று சொல்லி முடித்தேன். எல்லோருக்கும் ஆனந்தம். உபந்யாஸகனுக்கும் ஆனந்தம்தான். கேட்பவர்கள் மகிழும்படி ஒன்றைச் சொல்லிவிட்டால் அன்று இரவு நன்றாய் உறக்கம் வரும்.

ஆனால் மறுநாள் கோஷ்டி முடிந்தபின் ஒரு ஸ்வாமி அடியேனைக் கையால் ஜாடை காட்டி அழைத்தார். பல்லாண்டுகள் அத்யாபக கோஷ்டியில் நின்று நாலாயிரமும் ஓதியவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாரிசவாயு கண்டு வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாக்கும் குழறிவிட்டது. மடியில் ஒரு சிலேட்டு. இடக்கையால் கோணல் கோணலாய் எழுதிக் காட்டினார்: ‘ஆறு படி சொன்னீர். ஐந்து போயிற்று. ஆறாவதற்கு நான் யாரிடம் போவது?’

‘இந்த இல்லத்து ஸ்ரீவைஷ்ணவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்களே’ என்று ஸமாதானம் சொன்னேன். அவர் அதை ஒப்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

காரணம் அன்று பிற்பகல் தெரிந்தது. அவரைத் தூக்குவதும், நீராட்டுவதும், உடுத்துவிப்பதும், இரவில் புரட்டிப் படுக்க வைப்பதும் ஓர் இளைஞன். உறையூர்ப் பக்கத்தான். பணிவிடைக்கென்று இல்லத்தார் அமர்த்தியவன். முகம் சுளிக்காமல், தன் பாட்டனாருக்குச் செய்வது போலச் செய்கிறான். அவன் நீராட்டி முடித்தவுடன், வேறொரு பெரியவர் வந்து ஸ்வாமியின் தலையில் மூன்று முறை தண்ணீர் தெளிப்பார். அவன் தொட்ட தீட்டுக் கழிவதற்காக! அதன் பின்தான் அவர் திருமண் தரித்துக்கொள்வார். அந்தத் தண்ணீரைச் சொம்பில் கொண்டுவந்து வைப்பவனும் அந்த இளைஞனேதான். கோஷ்டி நடக்கும்போது அவன் நிலைப்படிக்கு வெளியே நிற்பான். யாரும் அவனை அங்கே நிற்கும்படி சொல்லவில்லை. உள்ளே வரும்படியும் சொல்லவில்லை.

பாகவதர்களே, உங்களில் பலர் இப்பொழுதே பிள்ளை உறங்காவில்லி தாஸரை நினைத்திருப்பீர்கள். அடியேனும் நினைத்தேன். அவரும் உறையூரார்தாம். மல்லர். பொன்னாச்சியின் கண்ணழகில் ஈடுபட்டு, வெயில் படாதபடி குடைபிடித்துக்கொண்டு திருவிழாக் கூட்டத்தின் நடுவே நாணமின்றி நடந்தவர். அதைக் கண்ட உடையவர் அவரைப் பெருமாள் ஸந்நிதிக்கு அழைத்துச் சென்று, அரங்கனுடைய திருக்கண்களைக் காட்டி ஆட்கொண்டார். பின்னாளில் உடையவர் காவிரிக்கு நீராட எழுந்தருளும்போது முதலியாண்டான் போன்ற அந்தணச் சீடரின் தோளைப் பற்றிச் செல்வார். நீராடித் திரும்பும்போது தாஸருடைய தோளைப் பற்றி வருவார். தூயராகும் முன் ஒரு தோள். தூயரான பின் இந்தத் தோள்! சீடர்கள் சிலர் முகம் கோணினார்கள்.

இந்த வரலாற்றை அடியேன் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால் அதுவரையில் அடியேனுடைய ஸதஸ்ஸில் நீராடியவரும், தோள் கொடுத்தவனும், முகம் கோணியவர்களும் ஒருங்கே இருந்ததில்லை. அன்று மாலை அதைச் சொல்ல நா எழவில்லை. பக்கவாதம் கண்ட ஒரு பெரியவரைப் பலர் நடுவில் குத்திக்காட்டுவது பாகவத அபசாரமல்லவா என்று எண்ணினேன். அது உண்மையான அச்சமா, அல்லது மறுநாள் ஸம்பாவனையை நினைத்த அச்சமா என்று பிரித்துச் சொல்ல இன்றளவும் இயலவில்லை.

ஆகையால் தாஸருடைய தேவியார் பொன்னாச்சியின் கதையை மட்டும் எடுத்தேன். அவர்களுடைய வைராக்கியத்தை மற்றவர்க்குக் காட்டவேண்டி, உடையவர் சில சீடர்களை இரவில் அவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். தாஸர் வீட்டிலில்லை. பொன்னாச்சி உறங்குபவள் போல் கிடக்கிறாள். ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் கழற்றியதும், மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டுமென்று அவள் புரண்டு படுக்கிறாள். விழித்துக்கொண்டாள் என்று அஞ்சி அவர்கள் ஓடிவிடுகிறார்கள். வீடு திரும்பிய தாஸர் இதைக் கேட்டு மகிழவில்லை, வருந்துகிறார். ‘எல்லாம் எம்பெருமானுடையது என்று கிடந்தபடி கிடவாமல், நான் கொடுக்கிறேன் என்று ஏன் புரண்டாய்?’

கைங்கர்யம் செய்பவனுக்கு அஹங்காரம் வரும் என்பதை நாம் அறிவோம். பெற்றுக்கொள்பவனுக்கும் வரும் என்பதை இக்கதை அல்லவோ காட்டுகிறது? ‘நான் இதற்கு உரியவனல்லன், என்னைத் தொடாதே’ என்பதிலும் நான் இருக்கிறது. ‘உன் கை பட்டால் எனக்குக் குறை’ என்பதிலும் நான் இருக்கிறது. ஆத்மாவுக்கு ஸ்வரூபம் பாரதந்த்ரியம் என்று காலக்ஷேபத்தில் கேட்கிறோம். அசேதனமான சந்தனமும் புஷ்பமும் போல எம்பெருமானுக்கு வசப்பட்டிருக்கவேண்டும் என்கிறார்கள் ஆசார்யர்கள். சந்தனம், யார் என்னை அரைப்பது என்று கேட்குமோ? கால் உள்ளவரையில் அது வெறும் வார்த்தை. கால் போனபின் அது நித்யானுஷ்டானம். காலை எட்டு மணிக்கு ஒருவன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கும்போது அது வேதாந்தமாயிருப்பதில்லை, வேதனையாயிருக்கிறது. அதையும் சொன்னேன். வலி இல்லாததுபோலப் பேசுவது முதியோர் நடுவில் செல்லாது.

இவ்வளவோடு சாற்றுமுறைக்கு ஆயத்தமானபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாமி எழுந்தார். மாவடுவில் பச்சைக் கடுகுக் கட்சியைச் சேர்ந்தவர். கண்பார்வை மங்கியிருந்தும் விரல் தடவித் திருத்துழாய் தொடுப்பவர். “ஸ்வாமி, பொன்னாச்சி கதையைச் சொன்னீர்கள். அவளகத்துக்காரர் கதையைச் சொல்லவில்லையே? உடையவர் நீராடிவிட்டு யார் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்?” என்று கேட்டார்.

ஸதஸ் அசையவில்லை. அடியேன் சொன்னேன். வேறு வழியில்லாமல்தான் சொன்னேன். உடையவர் சீடர்களுக்கு அருளிய காரணத்தையும் சொன்னேன்: குலம், கல்வி, செல்வம் என்ற செருக்கு ஒன்றும் இந்தத் தோளில் இல்லை. சொல்லும்போது அந்த ஸ்வாமியின் பக்கம் திரும்பவில்லை. நிலைப்படியின் பக்கமும் திரும்பவில்லை.

அன்றிரவு அவர் அமுது செய்யவில்லை என்று மறுநாள் கேள்விப்பட்டேன். ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூருக்கு எழுந்தருளும்போது, வாசலுக்கு வரும்படி எல்லோரும் அழைத்தும் அவர் வரவில்லை. அடியேனிடம் சிலேட்டை நீட்டவுமில்லை. ஒரு வயோதிகரின் மனத்தைப் புண்படுத்தி விட்டோம் என்று கலங்கி, மறுநாள் உபந்யாஸத்தை நிறுத்திக்கொள்ளலாமா என்றுகூட இல்லத்துப் பொறுப்பாளரிடம் கேட்டேன். அவர், “ஸ்வாமி, இங்கே மாதம் ஒருவராவது சாப்பிடமாட்டேன் என்பார்கள். நீங்கள் பேசுங்கள்” என்றார்.

உத்திரத்து இரவு. சேர்த்தியை ஸேவிக்க நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் புறப்பட்டார்கள். சக்கர நாற்காலிகள் நாலு. கடைசி நாற்காலியில் அந்த ஸ்வாமி, பன்னிரண்டு திருமண்ணோடு உட்கார்ந்திருந்தார். தள்ளிக்கொண்டு வந்தவன் அவனே. தண்ணீர் தெளித்தாயிற்றா, இல்லையா என்று அடியேன் விசாரிக்கவில்லை.

கூட்டத்தில் தாயார் ஸந்நிதிக்குள் நாற்காலி நுழைய வழியில்லை. வெளியே ஒரு தூணின் அடியில் ஒதுங்கினோம். உள்ளே திருமஞ்சனம் நடப்பது ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டது. கத்யம் தொடங்கியதும் அவருடைய உதடுகள் அசைந்தன. ஓரிடத்தில்கூட எழுத்துக் கூடவில்லை. ஆனால் நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினார், மூச்சு வாங்கவேண்டிய இடத்தில் வாங்கினார். ஐம்பது ஆண்டுப் பழக்கம் நாக்கை விட்டாலும் மூச்சை விடுவதில்லை போலும். பிராட்டியிடம் சரணம் புகும் இடம் வந்தபோது எழுந்து நிற்க முயன்றார். அவ்விடத்தில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனமில்லை. இளைஞன் பதறி முன்னால் வந்து குனிந்தான். அவர் இடக்கையை நீட்டி அவனுடைய தோளைப் பற்றிக்கொண்டார். பற்றி, எழுந்து, அந்தச் சூர்ணிகை முடியும் மட்டும் நின்றார். அவன், “போதும் தாத்தா, உக்காருங்க, கால் நடுங்குது” என்றான். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

மறுநாள் கோஷ்டியில் தீர்த்தம் ஸாதிக்கும் முறை வந்தது. அவர் முதலில் கை நீட்டவில்லை. நிலைப்படியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தீர்த்தம் ஸாதிப்பவர் சிறிது நேரம் புரியாமல் நின்றார். பிறகு புரிந்துகொண்டு வட்டிலோடு வாசலுக்குப் போனார். தண்ணீர் தெளிக்கும் பெரியவர் மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவரும் ஒரு பாகவதர். அவரைக் குறை கூற அடியேனுக்கு என்ன யோக்யதை இருக்கிறது? நாற்பது ஆண்டுகள் அந்தத் தோளைப் பற்றிப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டவன்தானே அடியேனும்.

விடைபெறும்போது ஸ்வாமி சிலேட்டில் எழுதிக் காட்டினார்: ‘சித்திரைத் திருவாதிரைக்கு வாரும்.’ உடையவருடைய திருநக்ஷத்திரம். அவசியம் வருகிறேன் என்றேன். அதற்குள் மாவடு ஊறிவிடும், ஒரு ஜாடி தனியே எடுத்துவைக்கிறேன் என்றார் மாமி. பச்சைக் கடுகுதான் என்று அழுத்திச் சொல்லியும் அனுப்பினார்.

அடியேன் ராமாநுஜதாஸன்